நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள்

கோர்ட்டிலிருந்தோ எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்தோ தபால் வந்தால், பிரிப்பதற்கு முன்னால் கவரின் மேலேயே பேனாவால் அன்றைய தேதியை எழுதுங்கள். வீட்டில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்புறம் பிரியுங்கள். எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே இருந்த தாளை மட்டும் நாலாய் மடித்து எடுத்து வருகிறார்கள். "எப்போ வந்துச்சுக்கா?" என்று கேட்டால், "போன மாசம் இருக்கும்மா, தேர் அப்போ" என்பார்கள். தேரை வைத்துக் கோர்ட் நாள் எண்ணாது. கைக்கு வந்த தேதியை வைத்துத்தான் எண்ணும், அதைக் காட்ட உதவுவது கவரில் இருக்கும் தபால் முத்திரை.

பெங்களூர் மேயோ ஹால் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் 24 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். நான் வக்கீல் கிடையாது. கேஸ் ஜெயிக்குமா என்று என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து வருகிற நம் ஜனங்கள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் வெறுங்கையோடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, தேதி தாண்டி வந்திருப்பார்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போட்ட பிறகு வந்திருப்பார்கள். எப்போது வக்கீலைப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அதனால் இரண்டே நாட்கள்தான்: காகிதம் கைக்கு வந்த அன்று, அல்லது கையெழுத்துக்கு முந்தின நாள்.

எங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ் மட்டும்தான் படிப்பார். கோர்ட் ஆள் வந்து நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கார்ப்பரேஷன் வரி ரசீது மாதிரி இருக்கிறது என்று காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே குத்தி வைத்தார். அது வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் போட்ட கேஸின் சம்மன். நாலைந்து மாதம் அது அங்கேயே தொங்கியது. தேதி கிழிக்கும்போதெல்லாம் நான்தான் அதை ஒதுக்கிவிட்டுக் கிழிப்பேன். அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். கன்னடம் எனக்குப் படிக்கத் தெரியும். ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்றபோதுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தது.

சம்மன் கைக்கு வந்தால் சிவில் கேஸில் பதில் மனு போட 30 நாள் உண்டு. கோர்ட் மனது வைத்தால் 90 நாள் வரை நீட்டிக் கொடுக்கும். போகவே இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடவும் 30 நாள்தான். சம்மன் சரியாகச் சார்வாகவில்லை, அதாவது முறைப்படி வந்து சேரவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், அதற்குக் காரணம் காட்ட வேண்டும். படிக்கத் தெரியவில்லை என்ற காரணம் எங்களுக்கு உதவவில்லை.

அதனால் வீட்டுக்குக் கன்னடத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அன்றைக்கே படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஸ்கூல் போகிற பிள்ளை போதும். 'நியாயாலய' என்றோ 'சமன்ஸ்' என்றோ ஒரு வார்த்தை இருந்தால் அடுத்த வேலை நாளில் வக்கீலிடம் இருக்க வேண்டும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்று தெருவில் யாராவது சொல்வார்கள். மறுத்தாலும் சார்வானதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்குங்கள், தேதி எழுதுங்கள், வாருங்கள்.

கையெழுத்துக்கு முந்தின நாள்

இந்த ஊரில் லீஸ் என்று ஒன்று இருக்கிறது. மாத வாடகை கிடையாது. பத்து லட்சமோ பதினைந்து லட்சமோ மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் இருப்பது, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஊரில் நிலத்தை விற்று, நகையை விற்று அந்தப் பணத்தைத் திரட்டுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் ஒரே செக்கில் போகிறது. ஆனால் அந்தப் பத்திரத்தை எழுதுவது புரோக்கர். வக்கீல் பீஸ் சில ஆயிரம் என்று அதை மிச்சம் பிடிக்கிறார்கள். என் மனதை மிகவும் அறுக்கிற விஷயம் இதுதான்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. வீட்டைக் காட்டியவர்தான் ஓனரா, இல்லை ஓனரிடமிருந்து எடுத்து உங்களுக்கு மறு லீசுக்கு விடுகிற இடைத்தரகரா? கிரயப் பத்திரமும் காத்தாவும் யார் பேரில் இருக்கின்றன? காத்தா என்பது வரி கட்டுவதற்கான பதிவு, அதை வைத்து மட்டும் சொத்து அவருடையது என்று சொல்லிவிட முடியாது. வில்லங்கம் பார்க்க ஈ.சி.யைக் கர்நாடக அரசின் காவேரி தளத்திலேயே எடுக்கலாம். ஆனால் பேங்க்கில் பத்திரத்தை வைத்து வாங்கிய எல்லாக் கடனும் ஈ.சி.யில் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு ஒன்று உண்டு, அதிலும் தேடிப் பார்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

அடுத்தது பதிவு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிவு செய்தாக வேண்டும், 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவதற்குக் காரணமே அதுதான். ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து நோட்டரி சீல் குத்தினால் பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகவில்லை. ஓனர் கடன் கட்டாமல் பேங்க் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும் நாளில், பதிவு செய்யாத தாளோடு நிற்பவருக்குச் சொல்லிக்கொள்ள அதிகம் இருக்காது. அப்படி நோட்டீஸ் ஒட்டிவிட்டால் ஓனருக்குப் போன் போட்டுக்கொண்டே நாளைக் கழிக்காதீர்கள். சர்ஃபேசி சட்டப்படி பேங்க் எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். அன்றைக்கே வக்கீல் வேண்டும்.

இரண்டாவது கையெழுத்து, அண்ணன் தம்பி கேட்கும் கையெழுத்து.

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு அக்கா வந்தார். அப்பா உயில் எழுதாமல் இறந்து ஒரு வருடம் ஆனபோது நடந்தது இது. "காத்தா மாத்தணும்மா, நீயும் ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்" என்று பெரிய அண்ணன் ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறார். வழியில் சொல்லிக் கொடுத்தாராம்: "உள்ளே சார் ஏதாச்சும் கேட்டா 'ஹௌது சார்'னு மட்டும் சொல்லு." கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள், கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள், கேட்டார்கள். அக்கா ஹௌது சார் என்றார், கன்னடத்தில் 'ஆமாம் சார்'. வெளியே வந்ததும் அண்ணன் பில்டர் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டது உரிமை விடுதலைப் பத்திரம். தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் இருந்தது. என்னிடம் இதைச் சொல்லும்போது, அந்தக் காபியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உயில் இல்லாமல் இறந்த இந்து அப்பாவின் சொந்த சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. பாட்டன் சொத்திலும் இந்து வாரிசுச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனைப் போலவே உரிமை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டே தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருட வாரிசுச் சட்டம், அதில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விட்டுக்கொடுக்க விருப்பம் என்றால் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். டிராப்ட்டை ஒருநாள் முன்னதாகக் கேளுங்கள். கூடப் பிறந்தவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று தயங்குகிறீர்களா? "வக்கீல் படிச்சுட்டு வரச் சொன்னார் அண்ணா" என்று பழியை வக்கீல் மேல் போடுங்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேஸ் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். அந்த அக்கா இரண்டு வருடமும் சில மாதங்களும் கழித்து வந்தார். இன்னும் கேஸ் நடக்கிறது.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைப் பிள்ளைக்குத் தானமாக எழுதினால், 'கடைசி வரை எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில், கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் வழி சுலபம்.

செக் திரும்பினால்

இங்கே நாள் கணக்கு கறாரானது, அதனால் அப்படியே எழுதுகிறேன். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்க்கில் போட வேண்டும். திரும்பி வந்த தகவல் பேங்க்கிலிருந்து கிடைத்த நாள் தொட்டு 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கொடுக்க 15 நாள். கொடுக்கவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அடுத்த வாரம் தந்துடறேன் மச்சான்" என்ற பேச்சில்தான் அந்த 30 நாள் போகிறது. தரட்டும். நோட்டீஸை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். 30 நாள் தாண்டிவிட்டாலும் செக்கின் மூன்று மாதம் பாக்கி இருந்தால் திரும்ப ஒருமுறை பேங்க்கில் போட்டுப் புதிதாகக் கணக்கைத் தொடங்கலாம். அதுவும் போய்விட்டால் 138 கதவு மூடிவிட்டது, மூன்று வருடத்துக்குள் சிவிலில் பணத்துக்குக் கேஸ் போடலாம். நீங்கள் செக் கொடுத்தவர் பக்கம் என்றால், நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் இருக்காதீர்கள். 'செக்யூரிட்டிக்காக வெற்றுச் செக் கொடுத்தேன், கடனை அடைத்துவிட்டேன்' என்பது உண்மையானால் அதை முதல் பதிலிலேயே சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

பயப்படாதீர்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் மேலேயே புகார் என்றால் 35ஆம் பிரிவில் எழுத்தில் நோட்டீஸ் தருவார்கள். வாட்ஸப்பில் அனுப்புவது அந்த நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. முறையாக வந்த நோட்டீஸுக்குக் கட்டாயம் போக வேண்டும், போகாவிட்டால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். அதனால் நோட்டீஸ் வந்த அன்றே வக்கீல். முன்ஜாமீன் கேட்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. கைதே ஆகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். காரணத்தை அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும்.

இன்னொன்றை எல்லோரிடமும் சொல்கிறேன். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டமே போட வைக்கக் கூடாது என்கிறது. வெள்ளைத் தாளில் எதற்காகவும் போடாதீர்கள். நீங்கள் புகார் கொடுத்தவராக இருந்தால் படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள், எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

விபத்தில் அடிபட்டவர் குடும்பம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், தேதி நினைவு இருக்காது. நஷ்டஈட்டு மனுவுக்கு இப்போதைய சட்டத்தில் ஆறு மாதம் என்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்துங்கள்.

வக்கீல் வேண்டாத இடங்கள்

ஆன்லைனில் பணம் பறிபோனால் எங்களிடம் ஓடி வராதீர்கள். அந்த நிமிஷமே 1930க்கு அடியுங்கள், பேங்க்குக்குச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் அது முக்கியம். வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள், அப்படி ஒன்று சட்டத்தில் கிடையாது.

பிரிட்ஜ் ரிப்பேர், டெலிவரி ஆகாத பொருள், ஏமாற்றிய டிராவல்ஸ் என்றால் 1915க்குச் சொல்லிப் பாருங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்களே எழுதிப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூத்த குடிமக்கள் பராமரிப்பு மனுவையும் உதவி ஆணையர் ஆபீசில் நேராகக் கொடுக்கலாம்.

வாடகை வீட்டு அட்வான்ஸ் திரும்ப வரவில்லையா? சாவி கொடுத்த அன்றே வீட்டைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். கெடு வைத்து ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். பாதி பேருக்கு அதிலேயே வந்துவிடுகிறது. வரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்.

வீட்டில் அடி உதை என்றால் கணக்கு வேறு. 181, இல்லை 112. உயிர் முதலில், காகிதம் அப்புறம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி மூலமாகவே மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போகும், புகுந்த வீட்டிலேயே தங்கும் உரிமையையும் கேட்கலாம். கிளம்பும்போது முடிந்தால் ஆதார், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் பர்த் சர்டிபிகேட் இவற்றைப் போனில் போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

வக்கீலிடம் வரும்போது

கோர்ட் வராந்தாவில் கையைப் பிடித்து "கேஸா?" என்று கேட்கிறவரோடு போகாதீர்கள். வக்கீல்கள் ஆள் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், கர்நாடகத்தில் பதிந்தவர்களுக்கு கே.ஏ.ஆர். என்று தொடங்கும். 'ஜெயித்தால் இத்தனை பர்சென்ட்' என்று பேசுபவர் வேண்டாம், அதுவும் விதிப்படி கூடாது. பீஸ் எவ்வளவு, கோர்ட் கட்டணம் தனியா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா என்பதை முதல்நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வரும்போது ஒரு முழுத் தாளில் தேதி வாரியாக நடந்ததை எழுதி வாருங்கள், தமிழில் எழுதினால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுப்பது ஜெராக்ஸ் மட்டும். உங்களுக்குப் பாதகமான காகிதத்தையும் கொண்டு வாருங்கள். சாரிடம் மறைத்த ஒரு ரசீதை எதிர்த்தரப்பு கோர்ட்டில் நீட்டியபோது சார் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். வக்காலத்தைத் தவிர வேறு வெற்றுத் தாளில் எங்களுக்கும் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள்.

கேஸ் போட்டதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஈகோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன தடவை என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். வக்கீல் சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் காகிதக் கட்டை அவர் பிடித்து வைக்க முடியாது என்று 2000இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கையில் காசு இல்லை என்பதற்காகத் தேதியை விடாதீர்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும், 1987ஆம் வருடச் சட்டம் அது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன் 15100. நேரில் போவதென்றால் சித்தய்யா ரோட்டில் நியாய தேகுல கட்டடம், கர்நாடக சட்டப் பணிகள் ஆணையம் அங்கேதான். கன்னடம் வராவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வந்த காகிதத்தை எடுத்துப் போங்கள், அது வந்த கவரோடு.